சிலம்பத்தை வி.ஆருக்குள் பதிவது: கம்பு, நாலு போன், கோலமாவு

அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் மார்கழி பிறந்துவிட்டால் சிலம்பக் கூடங்கள் களைகட்டிவிடும். தையில் எல்லார் கண்ணும் வாடிவாசல் மேல்தான் இருக்கும், சரி, ஆனால் பொங்கலை ஒட்டி மந்தையிலோ கோயில் வாசலிலோ கம்பு சுற்றாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் கையில் இருக்கிற வரிசைகளில், அதாவது அடியும் காலடியும் கோத்த தொடர்களில், பலதை இப்போது வருகிற பிள்ளைகள் கேட்பதே இல்லை, ஏனென்றால் போட்டிக்கு அது தேவைப்படவில்லை. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தன, மதுரையும் அதில் ஓர் இடம். அப்போது சிலம்பத்தைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்தார்கள். எனக்கு அதில் நிஜமாகவே பெருமைதான். ஆனால் போட்டி என்றால் விதி வேண்டும், விதி என்றால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும், ஊருக்கு ஊர் மாறுகிற காலடி அந்த அளவுகோலுக்குள் அடங்காது. அடங்காததை யாராவது பதிந்து வைக்க வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

இதற்கான யோசனை பனிப் பிரதேசத்திலிருந்து வந்தது. பழைய குளிர்கால விளையாட்டுகளை அசைவுப் பதிவு, வி.ஆர். (தலையில் ஹெட்செட் மாட்டி உள்ளேயே நிற்பது போலப் பார்க்கும் மெய்நிகர் காட்சி), ஏஐ வைத்துக் காப்பாற்றுவது பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் அல்தாய் மலைக்காரர்கள் இன்னும் மரப்பலகைக்கு அடியில் குதிரைத்தோலைப் போர்த்திச் சறுக்குகிறார்கள். மயிர் பின்பக்கம் பார்த்துப் படிந்திருப்பதால் இறக்கத்தில் வழுக்கும், ஏற்றத்தில் பின்வாங்காமல் பிடிக்கும். இப்போதைய பனிச்சறுக்கில் இருக்கிற மாதிரி இரண்டு கோல்கள் கிடையாது, கையில் ஒரே ஒரு நீளக் கம்பு, அதில் சாய்ந்துதான் வேகத்தைக் குறைப்பதும் திரும்புவதும். அந்த ஒற்றைக் கம்பைப் பார்த்ததும் எனக்கு எங்கள் மந்தைதான் ஞாபகம் வந்தது. பனி குறைந்தால் அந்த உடம்புப் பழக்கம் போய்விடும், இங்கே வாத்தியார்கள் குறைந்தால் இது போய்விடும்.

முதலில் கருவிகள். ஸ்டுடியோக்களில் உடம்பெல்லாம் பளபளக்கும் குமிழ் ஒட்டி எடுக்கிற முறைக்கு ஆகிற செலவை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால் குமிழ் இல்லாத முறை. நாலு போன், நாலு ஸ்டாண்ட், அளவு பார்க்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகை ஒன்று. கட்டத்தை ஃப்ளெக்ஸ் கடையில் அச்சடித்து ப்ளைவுட்டில் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். பலகை கொஞ்சம் வளைந்திருந்தாலும் பின்னால் வருகிற கணக்கு எல்லாம் வளையும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மென்பொருளுக்கு, வீடியோவிலிருந்து அசைவை எடுக்க ஃப்ரீமோகேப், முப்பரிமாண உருவத்துக்கு பிளெண்டர், வி.ஆர். காட்சியை ஓட்ட கொடாட், மூன்றும் இலவசம். ஃப்ரீமோகேப்புக்குள் உடம்பைக் கண்டுபிடிக்கிற வேலையை கூகுளின் மீடியாபைப் செய்கிறது. ஒரு மனித உடம்பில் 33 புள்ளிகளை அது குறிக்கும், நாலு கோணத்திலிருந்தும் குறித்ததைச் சேர்த்தால் முப்பரிமாணம் கிடைக்கும்.

போனை ஆட்டோவில் விட்டால் கம்பு தெரியாது, வெறும் விசிறிதான் தெரியும். கணக்கைப் பாருங்கள். கம்பு நெற்றி உயரம், கிட்டத்தட்ட ஐந்தரை அடி. நடுவில் பிடித்து நொடிக்கு மூன்று சுற்று சுற்றினால் நுனியின் வேகம் நொடிக்குப் பதினைந்து மீட்டருக்கு மேல். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் நுனி 26 சென்டிமீட்டர் போய்விடும், எந்த ஏஐயாலும் அந்தக் கோட்டில் நுனியைச் சரியாகக் காட்ட முடியாது. 1/1000 என்று பூட்டினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. ஆனால் 1/1000க்கு நிறைய வெளிச்சம் வேண்டும். மார்கழி விடியற்காலையில் அந்த வெளிச்சம் கிடையாது, போதாததற்குப் பனி இறங்கி லென்ஸ் மங்கிவிடும். எட்டு மணிக்கு மேல்தான் எடுக்க முடிந்தது. அந்த நேரத்தில் வெயில் சாய்வாக விழுவதால் கம்பின் நிழல் தரையில் நீளமாக ஓடும், ஏஐ நிழலையும் ஒரு கம்பு என்று பிடித்துக்கொள்ளும். நாலு கேமராக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, முழுக்கத் தரை மட்டத்திலேயே கிடக்கிற கம்பு வந்தால் தூக்கி எறி என்று ஒரு வரி சேர்த்ததும் அது தீர்ந்தது. உள்ளே டியூப்லைட்டில் எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும், இந்த ஷட்டர் வேகத்தில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக வரும்.

நாலு போனும் ஒரே நொடியைப் பார்க்கிறதா என்பது அடுத்த தலைவலி. நொடிக்கு 60 ஃப்ரேமில் அரை ஃப்ரேம் தள்ளிப்போனால் எட்டு மில்லி நொடி, நுனியில் அது 12 சென்டிமீட்டருக்கு மேல். வரிசை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் வாத்தியாரைத் தரையில் கம்பால் ஓங்கி ஒரு தட்டு தட்டச் சொன்னேன், நாலு போனின் ஒலியிலும் அந்தத் தட்டின் முனையை ஒன்றாகப் பொருத்தினேன். ஒலி ஒரு மீட்டர் போக மூன்று மில்லி நொடி எடுக்கும், அதனால் போன்கள் எல்லாம் தட்டுகிற இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். இன்னொன்று, போன்கள் ஃப்ரேம் வேகத்தைத் தாங்களாகவே கூட்டிக் குறைக்கும், கணக்குக்கு முன் எல்லாவற்றையும் சீரான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். கடைசித் தட்டும் பொருந்தினால்தான் நடுவில் நழுவவில்லை என்று நம்பலாம்.

கம்புக்குள் சென்சார் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டில் எம்பியூ 6050 என்ற அசைவு சென்சாரும் சின்ன பேட்டரியும் வாங்கி அதையும் பார்த்தேன். அந்தச் சென்சாரின் சுழற்சி அளவு நொடிக்கு 2000 டிகிரி வரை, அதாவது ஐந்தரைச் சுற்று, அது பரவாயில்லை. முடுக்கம் 16 ஜி வரைதான், அதாவது புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு வரைதான் அளக்கும். நுனியில் வைத்தால் நொடிக்கு மூன்று சுற்றிலேயே கிட்டத்தட்ட 30 ஜி வருகிறது, சென்சார் திணறி மேல் எல்லையிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் வைக்கலாம் என்றால் கை மாறி மாறிப் போவது அங்கேதான். இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம், ஆனால் வாத்தியார் வாங்கி ரெண்டு சுற்று சுற்றிவிட்டு, "தாயி, இது என் கம்பு இல்ல, நுனி இழுக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி: அரைக்கிலோக் கம்பின் நுனியில் முப்பது கிராம் ஏற்றினால் சுழற்றுவதற்கான பளு ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அளக்கப் போய் ஆட்டத்தையே மாற்றுகிற கருவி எனக்கு வேண்டாம் என்று சென்சாரைக் கழற்றிவிட்டேன். இரண்டு நுனியிலும் ஒரே எடைக்கு மெல்லிய வண்ண டேப் மட்டும் சுற்றினோம். செம்மண் தரையில் சிவப்பு காணாமல் போகும், பின்னால் வேப்பமரம் இருந்தால் பச்சை போய்விடும், நீலமும் பளிச்சென்ற ரோஸும்தான் நின்றன. இரண்டு நுனிக்கும் வேறு வேறு நிறம் கட்டாயம், இல்லையென்றால் பாதிச் சுற்று போனதும் எந்த நுனி எது என்று கணினிக்குத் தெரியாது. கையால் குறித்த படங்களைக் கொடுத்து ஒரு சின்ன ஏஐ மாதிரியை நுனிகளுக்கென்றே பழக்கினேன். கம்பின் நீளம் நமக்குத் தெரியும் என்பதால் ஒரு நுனி முதுகுக்குப் பின்னால் மறைந்தாலும், கையும் மறு நுனியும் இருக்கும் நேர்கோட்டில் நீட்டி இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

உடம்புக்கு வருவோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினால் மீடியாபைப்பால் முழங்காலைப் பிடிக்க முடிவதில்லை, துணியின் மடிப்பை முழங்கால் என்று நினைக்கிறது. அல்தாய்க்காரர்களின் கனமான கம்பளி உடுப்புக்குள்ளும் இதே சிக்கல்தான் வரும். வாத்தியார் பெரிய மனசோடு அரை டவுசரில் ஒரு தடவையும், வேட்டியில் ஒரு தடவையும் ஆடிக் கொடுத்தார், முன்னது கணக்குக்கு, பின்னது காட்சிக்கு. சட்டென்று திரும்புகிற இடங்களில் ஏஐ இடது காலை வலது கால் என்று மாற்றிவிடும், ஃப்ரேம் ஃப்ரேமாக உட்கார்ந்து கையால்தான் திருத்த வேண்டியிருந்தது. இதில் பொறுமை ரொம்ப முக்கியம், ஏனென்றால் சுவடு, அதாவது காலடி வைக்கிற முறை, மாறிப்போனால் அது வேறு வரிசையாகிவிடும்.

காலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், முழு வேலையின் மையமே அதுதான். மீடியாபைப் ஒரு பாதத்துக்குக் கணுக்கால், குதிகால், முன்பாதம் என்று மூன்று புள்ளிதான் தரும். சிலம்பத்தில் குதிகால் எப்போது தரையை விடுகிறது, எடை முன்பாதத்துக்கு எப்போது ஏறுகிறது, எந்த விரல் பக்கம் திருகுகிறது என்பதில்தான் அடியின் பலம் இருக்கிறது, மூன்று புள்ளியில் அது தெரியாது. வாத்தியாரின் மனைவிதான் வழி சொன்னார், கோலமாவைத் தூவிவிட்டு ஆடச் சொல்லு என்று. தரையை நன்றாகக் கூட்டி, தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் கோலமாவைச் சலித்துத் தூவி, அதன் மேல் வணக்கம் சொல்லும் சலாவரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கோர்வையாக ஆடச் சொல்லி, முடிந்ததும் மாடியிலிருந்து நேர் கீழாகப் படம் எடுத்தோம். அழுத்திய இடத்தில் மாவு விலகி மண் தெரியும், திருகிய இடத்தில் பிறை மாதிரி விழும், குதிகால் படாத அடி பாதியாகத்தான் விழும். அந்தப் படங்களை வீடியோவோடு பொருத்தி, எந்த ஃப்ரேமில் எந்தச் சுவடு விழுந்தது என்று குறித்துக் கணினிக்குக் கொடுத்ததும், அதுவரை தரைக்கு மேல் மிதந்துகொண்டிருந்த உருவம் ஊன்றி நிற்கத் தொடங்கியது. பனிச்சறுக்கு மரபுகளைப் பதிகிறவர்களுக்கும் பலகை பனியில் விட்டுப்போகிற தடத்தை மேலிருந்து எடுத்துச் சேர்த்தால் இதே பலன் கிடைக்கும் என்று நினைக்கிறேன். தரை திருப்பித் தருகிற பதிலை எந்தப் பதிவும் விடக்கூடாது.

அப்புறம், மெருகேற்றும் வடிகட்டி. புள்ளிகள் நடுங்குவதால் எல்லா மென்பொருளிலும் அசைவைச் சீராக்க ஒரு வடிகட்டி இருக்கும், நடப்பதை ஆராய்கிறவர்கள் வழக்கமாக 6 ஹெர்ட்ஸ் வைப்பார்கள், அதாவது நொடிக்கு ஆறு தடவைக்கு மேல் மாறுகிற அசைவை அது குறைத்துவிடும். நடைக்கு அது போதும். வெட்டு போட்டு இருபதில் ஒரு நொடிக்குள் கம்பு நிற்கிற இடத்தில் அந்த வடிகட்டி நிற்பதையே கரைத்துவிடுகிறது, கம்பு மெதுவாக வந்து உட்காருகிறது. திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது, பார்த்த நண்பர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். வாத்தியார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நான் இப்படி அடிச்சா எதிராளி சிரிப்பான் தாயி" என்றார். இப்போது வெட்டு, குத்து, வாரல் என்ற அடிகள் முடிகிற இடங்களைக் கையால் குறித்து, அங்கே மட்டும் வடிகட்டியை எடுத்துவிட்டு, நொடிக்கு 240 ஃப்ரேமில் எடுத்த மணிக்கட்டுப் படத்திலிருந்து உண்மையான நிறுத்தத்தை எடுத்து வைக்கிறேன். நடுக்கம் கொஞ்சம் தெரிகிறது. தெரியட்டும்.

அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டபோதுதான் அவருடைய ஆட்டத்தை மட்டும் பதிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த திட்டத்தை விரித்தேன். ஆட்டம் எத்தனையோ வீடியோக்களில் இருக்கிறது. ஒரு பிள்ளை தப்பாக வைக்கும்போது அவர் என்ன சொல்கிறார், கம்பின் பின் நுனியால் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார், அந்தப் பிள்ளை அடுத்த தடவை எதை மாற்றுகிறான் என்பது எங்குமே இல்லை. அவர் போனால் போவது அந்தத் திருத்தம்தான். அதனால் அவர் பாடம் எடுக்கிற சாயங்காலங்களை, பிள்ளைகளின் வீட்டில் கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அதே நாலு போனில் எடுக்க ஆரம்பித்தேன். சாயங்கால வெளிச்சத்துக்கு ஷட்டரை இறக்க வேண்டியிருக்கிறது, கம்பு நுனி மங்கலாகத்தான் வருகிறது, இதற்கு அது பரவாயில்லை, காலும் குரலும் கிடைத்தால் போதும். தப்பான அடி, அவர் சொன்ன சொல், திருத்திய அடி, மூன்றும் சேர்ந்தது ஒரு பதிவு. பேச்சை எழுத்தாக்க ஏஐயிடம் கொடுத்தால் பொதுத் தமிழை ஓரளவு எழுதுகிறது, ஆனால் வரிசைப் பெயர்களையும் எங்கள் ஊர்ப் பேச்சையும் தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றிவிடுகிறது. அதையெல்லாம் கேட்டுக் கேட்டு நானே தட்டச்சு செய்கிறேன், அவர் சொன்னபடியே.

ஹெட்செட் பக்கம். என்னிடம் இருப்பது மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2. வெயிலில் வெளியே வைக்கவே கூடாது, லென்ஸ் வழியாக வெயில் குவிந்து உள்ளே திரையைப் பொசுக்கிவிடும். கூடத்தின் ஓட்டுக் கூரைக்கு அடியில்தான் வைத்துப் பார்க்கிறோம். உள்ளே வாத்தியார் எதிரே நிற்கிறார், பக்கத்தில் போகலாம், சுற்றி வரலாம், முதுகுப் பக்கம் நின்று அவர் பார்க்கிற திசையிலேயே பார்த்து ஆடலாம், வேகத்தைக் கால் பங்காகக் குறைக்கலாம். தரையில் சுவடுகள் கோலமாவு நிறத்திலேயே விழும். பழகுகிறவரின் உயரத்துக்கு உருவத்தை மாற்றும்போது கம்பையும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும், கம்பின் அளவே ஆளின் நெற்றியை வைத்துத்தானே. குறித்து வைத்த இடங்களில் நிறுத்தினால் அவருடைய குரலில் திருத்தம் கேட்கும். கேட்கிற பிள்ளைகள் ஹெட்செட்டுக்குள்ளேயே "சரிங்கய்யா" என்று சொல்வதைப் பார்க்கையில் மனசு நிறைந்துவிடுகிறது.

ஹெட்செட் போட்டுக்கொண்டு முழுக்கம்பைச் சுற்றவே கூடாது. பக்கத்தில் யார் வந்தாலும் தெரியாது, வெளியைக் காட்டும் வசதி குவெஸ்ட் 2இல் கறுப்பு வெள்ளையில் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். காலடி மட்டும் உள்ளே, கம்பு வெளியே, இதுதான் இப்போதைய விதி. சின்னப் பிள்ளைகளுக்கு ஹெட்செட் தருவதில்லை. கண்களுக்கு நடுவிலுள்ள தூரத்துக்கு இந்தக் கருவியில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைதான், அவர்கள் முகத்துக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு அதே காட்சியை டேப்லெட்டில் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கொடுத்திருக்கிறோம்.

மதிப்பெண் போடுகிற ஏஐ ஒன்றும் செய்து பார்த்தேன், பழகுகிறவரின் அசைவை வாத்தியாரின் அசைவோடு ஒப்பிட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும். கை ஒத்துப்போனால் அள்ளிக் கொடுக்கிறது, எடை தப்பான காலில் இருந்தாலும். ஒரு பையனுக்கு அது கொடுத்த மதிப்பெண்ணையும் வாத்தியார் அதே பையனைத் திட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அதை எடுத்துவிட்டேன். எண் இருந்தால் பிள்ளைகள் எண்ணுக்குத்தான் ஆடுவார்கள். இப்போது சுவடு விலகினால் அந்தச் சுவடு மட்டும் நிறம் மாறும், அவ்வளவுதான்.

கோப்புகளைப் பற்றி. மூல வீடியோ எதையும் அழிக்கவில்லை, அழிக்கவும் கூடாது. நாளைக்கு இதைவிட நல்ல ஏஐ வரும், அப்போது அதே வீடியோவிலிருந்து இன்னும் நுணுக்கமாக எடுக்கலாம், வாத்தியாரைத் திரும்ப ஆடச் சொல்ல முடியாமல் போகலாம். அசைவு பிவிஹெச் கோப்பாகவும், காட்சி ஜிஎல்டிஎஃப் ஆகவும், பேச்சும் குறிப்புகளும் வெறும் எழுத்துக் கோப்பாகவும் இருக்கின்றன, எந்த நிறுவனம் கடையை மூடினாலும் திறக்கிற மாதிரி. எல்லாமே மூன்று பிரதி: ஒன்று கூடத்தில், ஒன்று என்னிடம், ஒன்று வெளியூரில் இருக்கிற அவருடைய மகளிடம். யாருக்குக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று தமிழில் எழுதி வாத்தியாரும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வர்மம் தொடர்பான அடிகளை வெளியில் விட வேண்டாம் என்றார், அவை கூடத்தின் பிரதியில் மட்டும் இருக்கின்றன. பொது ஏஐ எதற்கும் அவருடைய வீடியோவை ஏற்றவில்லை, கணக்கு எல்லாம் என் கணினியிலேயே ஓடுகிறது, மெதுவாகத்தான்.

இரட்டைக் கம்பு இன்னும் பாக்கி. இரண்டு கம்பும் ஒன்றையொன்று மறைப்பதால் நாலு கேமரா போதவில்லை, தலைக்கு மேலே ஒன்றும் பின்னால் ஒன்றும் சேர்க்க வேண்டும், அதற்குச் சவுக்குக் கம்பில் ஒரு சட்டம் கட்டிக்கொண்டிருக்கிறோம். இருவர் மோதுகிற சண்டை வரிசைகளையும் அந்தச் சட்டம் நின்ற பிறகுதான் எடுக்க முடியும். குத்துவரிசைக்குக் கம்பு இல்லை என்பதால் இதே நாலு போன் போதும், அதை வாத்தியார் அறுப்பு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கம் இருக்கிறவர்கள் தங்கள் ஊர் வாத்தியாரை இப்படிப் பதிய நினைத்தால், என் அளவுப் பலகையையும் நுனி கண்டுபிடிக்கப் பழக்கிய மாதிரியையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். டேப் நிறத்தை மட்டும் உங்கள் ஊர் மண்ணைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.